தார்ன்பெக்கின் சத்தம் வீடுகளுக்குப் போன கோடை

மே மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை, மாலை ஏழரை மணிக்கு, தார்ன்பெக் மைதானத்தில் முதல் ஓட்டத்துக்கான நாடா உயர்ந்து நான்கு மோட்டார் சைக்கிள்களும் முதல் வளைவை நோக்கிப் பாய்ந்தபோது, அவற்றின் சத்தம் அவற்றோடு போகவில்லை. சக்கரங்கள் சுழன்றன, செங்கல் நிறப் பொடிக்கல் வழக்கம்போல் எழுந்து வேலியோரம் நின்றவர்களின் தோள்களில் படிந்தது, எரிந்த ஆமணக்கெண்ணெயின் மணம் வழக்கம்போல் காற்றில் வந்தது, ஆயினும் வண்டிகள் நான்கும், கண்ணாடித் தொட்டிக்குள் திரியும் மீன்களைப் போல, ஓசையின்றி நான்கு சுற்றுச் சுற்றி வந்து நின்றன. அன்று மைதானத்தில் இருந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுள் எவரும் கூச்சலிடவில்லை. மடியிலிருந்த நிரல் புத்தகத்தைத் திறந்து, முதல் ஓட்டத்துக்குரிய கட்டத்தில், சிவப்பு மூன்று, வெள்ளை இரண்டு, நீலம் ஒன்று, மஞ்சள் சுழியம் என்று பென்சிலால் எழுதிக்கொண்டார்கள். சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், ஓட்டம் முடிந்தால் கட்டத்தை நிரப்பியாக வேண்டும் என்பதே அவ்வூர் வழக்கம்.

ஸ்பீட்வே என்னும் இந்தப் பந்தயத்தில் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது. நான்கு வீரர்கள், நான்கு சுற்றுகள், ஒரு மாலைக்குப் பதினைந்து ஓட்டங்கள்; முதலில் வருகிறவருக்கு மூன்று புள்ளி, கடைசியில் வருகிறவருக்குச் சுழியம். உள்ளூர் அணியினர் சிவப்பும் நீலமுமான தலைக்கவசம் அணிவார்கள்; வெளியூர் அணியினர் வெள்ளையும் மஞ்சளும். எல்லாரும் கோயிலை வலம் வருவதற்கு நேர்மாறாக, இடமாகவே சுற்றுவார்கள். இங்கிலாந்தின் வடக்கே, கம்பளி ஆலைகள் மூடப்பட்ட பிறகு சொல்லிக்கொள்ள வேறொன்றும் மிஞ்சாத தார்ன்பெக் என்ற அந்தச் சிற்றூரில், அச்சில் வந்த எண்ணை நம்புகிறவன் சோம்பேறி என்று கருதப்பட்டான். நாளிதழில் வரலாம், கணினியில் வரலாம். ஆனால் தன் கண்ணால் கண்டு தன் கையால் எழுதிய கட்டமே கட்டம். அப்படி நிரப்பிய நிரல் புத்தகங்களை அவர்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பெட்டியில் பாதுகாத்தார்கள்.

மைதானத்தின் புரமோட்டர் மயில்வாகனம். பந்தயத்தை நடத்துவதும் கூட்டத்தைச் சேர்ப்பதும் புரமோட்டரின் பொறுப்பு. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து இருபத்தாறு வயதில் வந்து, ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஒரு வியாழக்கிழமை மாலை மைதான வாசலிலிருக்கும் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது விளக்கெண்ணெய் எரியும் மணம் வர, இந்த நாட்டில் யார் விளக்கெண்ணெயை எரிக்கிறார்கள் என்று பார்க்கப் போனவர், அதன்பின் வெளியே வரவில்லை. முதலில் நிரல் புத்தகம் விற்றார். பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பாளரானார். நான்கு ஆண்டுகளுக்கு முன், புரமோட்டர் பதவியை ஏற்க வேறெவரும் முன்வராதபோது, அதையும் சேர்த்துக்கொண்டார். மயில்வாகனம் என்று சொல்ல நாவு வளையாத ஊரார் அவரை மைல்ஸ் என்று அழைத்தார்கள்.

கூட்டம் சேர்க்க அவர் செய்யாத உபாயம் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளை ஏறி உட்கார வைத்தார். பல்பொருள் அங்காடி வாசலில் வீரர்களை நிறுத்திக் கைகுலுக்க வைத்தார். பேருந்துகளின் முதுகில் விளம்பரம் ஒட்டினார். எல்லா விளம்பரங்களிலும் ஒரே படம்தான் இருந்தது: பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தார்ன்பெக் நாரைகள் என்னும் அந்த அணி வென்ற ஒரே கோப்பை. அந்தக் கோப்பையைக் காட்டிக் காட்டியே அவர் ஊரை அழைத்தார். ஊரோ ஆண்டுக்கு ஆண்டு குறைவாகவே வந்தது.

மைதானம் நகர மன்றத்துக்குச் சொந்தமானது. அவ்வாண்டு ஏப்ரலில் மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. செப்டம்பர் கடைசி வியாழனன்று இரண்டாயிரம் பேர் மைதானத்துள் இருந்தால் பந்தயம் தொடரும்; இல்லையேல் அவ்விடத்தில் வீடுகள் எழும். பதின்மூன்றாம் ஓட்டம் முடிந்ததும் வாகன நெரிசலுக்கு அஞ்சிப் பாதிப்பேர் புறப்பட்டுவிடுவது வழக்கமாதலால், மன்ற எழுத்தர் பெம்பர்டன், துல்லியத்தைத் தெய்வமாகக் கொண்ட அந்த மனிதர், எண்ணிக்கை எடுக்கப்படும் கணத்தையும் குறித்து வைத்தார்: பதினைந்தாம் ஓட்டத்துக்கு நாடா உயரும் கணம்.

நாரைகளுக்கு உயிர் ஐந்து மாதம் என்று எழுதப்பட்ட அந்த நிலையில்தான் சத்தம் மைதானத்தை விட்டுப் போயிற்று.

அது எங்கே போயிற்று என்பது அன்றிரவே தெரிந்துவிட்டது. பதினொரு ஆண்டுகளாகப் பந்தயத்துக்கு வராத ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஹேரல்ட், தேநீர்க் குடுவையின் மூடியைத் திறந்தபோது, முதல் ஓட்டம் முழுவதும் அதனுள்ளிருந்து வெளிவந்தது. நான்கு இயந்திரங்களின் உறுமலும், பின்னே மயில்வாகனத்தின் அறிவிப்பும். ஏழு ஆண்டுகளாக வராத பல் மருத்துவர் வீட்டில் அது ரொட்டிப் பெட்டியிலிருந்து வந்தது. சிறு வயதில் தகப்பனாரோடு வந்து பிறகு மறந்துபோன பாதிரியாருக்கு, தேவாலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து வந்தது; அவர் வியாழக்கிழமை ஞானஸ்நானங்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட்டார். காரணம் எழுதவில்லை, எவரும் கேட்கவுமில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்ற கணக்கில், முன்பு வந்து பின்பு வராமல் நின்றுபோன ஒவ்வொருவர் வீட்டுக்கும் சத்தம் போயிற்று. தவறாமல் வருகிறவர் வீட்டிலும், ஒருநாளும் வந்திராதவர் வீட்டிலும் பாத்திரங்கள் பாத்திரங்களாகவே இருந்தன.

மயில்வாகனம் வீடு திரும்பியபோது, அவர் மனைவி தவமணி சமையலறை மேசையருகே கைகட்டி உட்கார்ந்திருந்தார். மேசையின் இழுப்பறை ஒரு விரற்கடை திறந்திருந்தது.

“இஞ்சேருங்கோ, உங்கட பந்தயம் இப்ப என்ர லாச்சிக்குள்ள நடக்குது,” என்றார் தவமணி. “எட்டாவது ஓட்டத்தில மூச்சு விடாமக் கத்திறியள். தொண்டைக்குச் சுடுதண்ணி குடியுங்கோ.”

மயில்வாகனம் சுடுதண்ணீர் குடித்தார். அந்த இழுப்பறைக்குள் என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அந்த வீட்டில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பேச்சில்லை.

ஓசையற்ற மைதானத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இரண்டே வாரத்தில் பழகிப்போனார்கள். ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது. பொடிக்கல் வேலிப் பலகையில் விழுவது மழை தொடங்குவதுபோல் கேட்டது. இரண்டாம் வளைவில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கும் டோரீன் என்ற கிழவி, ஒவ்வொரு சுற்றிலும் இறந்துபோன வீரர்களின் பெயர்களையும் சேர்த்து முணுமுணுத்து வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது; அதன்பின் அவர்களும் கூடச்சேர்ந்து முணுமுணுத்தார்கள். மைதானத்துக்குப் பின்னால் புதிதாக எழுந்த பழத்தோட்டக் குடியிருப்பிலிருந்து — அங்கே எக்காலத்திலும் பழமரம் நின்றதில்லை — வந்த இரைச்சல் புகாரை விசாரிக்க மன்றம் ஓர் அதிகாரியை அனுப்பிற்று. அவர் ஒலிமானியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து ஓட்டமும் நின்றார். ஒரு சிட்டுக்குருவியின் ஓசையைப் பதிவுசெய்துகொண்டு போய்ப் புகார்க் கோப்பினை மூடினார்.

முதலில் இந்த மாற்றம் நன்மையாகவே முடியும் என்று தோன்றிற்று. தேநீர்க் குடுவையின் உறுமலைப் பொறுக்கமாட்டாமல் ஹேரல்ட் ஒரு வியாழனன்று மைதானத்துக்கு வந்தார். அன்றே குடுவை ஊமையாயிற்று. செய்தி பரவிற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஜூன் கடைசியில் தொள்ளாயிரம் பேர் வந்தார்கள். மயில்வாகனம் கோப்பைப் படத்துக்குக் கீழே, ‘உங்கள் ரொட்டிப் பெட்டி உங்களை இங்கே வரச் சொல்கிறது’ என்று அச்சிட்டு ஒட்டினார். கையால் வரைந்த ஒரு வரைபடத்தில் ஒவ்வொரு வாரமும் ஏறும் கோட்டைப் பார்த்துத் தமக்குள் சிரித்துக்கொண்டார்.

ஜூலையில் அந்தக் கோடு திரும்பிற்று. மழை பெய்த ஒரு வியாழனன்று வராமல் இருந்த சிலர், அடுப்பங்கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கடையில் வாங்கிய நிரல் புத்தகத்தை முழங்காலில் விரித்து, குடுவையிலிருந்து வரும் மயில்வாகனத்தின் குரலைக் கேட்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் பார்த்தார்கள். நனையவில்லை, தூசி படியவில்லை, தேநீர் ஆறவில்லை. மறுவாரம் மழை இல்லாதபோதும் அவர்கள் வரவில்லை. பழத்தோட்டக் குடியிருப்பில், நம் வீட்டு அலமாரி மட்டும் ஏன் பேசுவதில்லை என்று பிள்ளைகள் அழத் தொடங்க, பெற்றோர் அதற்கும் வழி கண்டார்கள்: ஒரு வியாழன் குடும்பத்தோடு வருவது, மறு வியாழன் வேண்டுமென்றே வராமல் இருப்பது. வந்து நின்றுபோனவர் என்ற தகுதி அவ்வளவில் கிடைத்துவிடும். இரண்டு பெண் பிள்ளைகளின் தாயான கெய்லி என்ற மருத்துவமனைத் தாதிக்கு அப்படித்தான் சலவை இயந்திரத்தில் பந்தயம் கிடைத்தது. எந்தச் சத்தத்தை எதிர்த்துக் கையெழுத்திட்டாரோ அதே சத்தத்தை அவர் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

ஆகஸ்ட் நடுவில் நிரல் புத்தகங்கள் எல்லாம் தீர்ந்துபோயின. மைதானத்தில் நூற்று நாற்பது பேர் நின்றார்கள். ஊர் முழுவதும் கேட்டது. ஊர் எதையும் பார்க்கவில்லை. பெம்பர்டன் ஒருநாள் வந்து, காலி வரிசைகளை ஒருமுறை பார்த்து, வீடு கட்டுவோர் நிலத்தை அளக்க அடுத்த மாதம் வரலாமா என்று மிகப் பணிவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று இராச் சாப்பாட்டின்போது மயில்வாகனம் வாய் திறந்தார். இத்தனை பேர் ஆசையோடு கேட்கிறார்கள், ஒருவரும் வருகிறார்கள் இல்லையே, இதற்கு என்ன செய்வது என்று, இழுப்பறையைப் பாராமல், மனைவியைக் கேட்டார்.

“உங்கட வாயைக் கொஞ்சம் மூடுங்கோவன்,” என்றார் தவமணி.

“என்ன கதை இது?”

“ஆர் வெண்டதெண்டு நீங்கள் மைக்கில சொல்லுறபடியால்தானே சனம் வீட்டில இருக்குது. நீங்கள் சொல்லுறதை அப்படியே எழுதிறதெண்டால், கண் என்னத்துக்கு? பஸ் எடுத்து ஏன் வருவினம்?”

மயில்வாகனம் சாப்பிடுவதை நிறுத்தினார். அது ஆலோசனை என்பதும், ஆலோசனை மட்டுமன்று என்பதும் அவருக்கு விளங்கிற்று.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் கோப்பைப் போட்டியில், எல்லாம் பதினைந்தாம் ஓட்டத்தில் வந்து நின்றது. சிவப்பு முந்தினால் கோப்பை தார்ன்பெக்குக்கு. மஞ்சள் முந்தினால் எதிரணிக்கு. அறிவிப்பாளர் கூண்டில் மயில்வாகனம் நின்றிருந்தார்; கூண்டின் படிக்கட்டருகே, தம் கணக்கு வாத்தியாரான தகப்பனாரிடம் கற்ற அச்சடித்தாற்போன்ற எழுத்தில், தவமணி கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். கடைசி வளைவில் இரண்டு வண்டிகளும் சேர்ந்து வந்த அந்தக் கணத்தில் மயில்வாகனத்தின் பென்சில் கைநழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது ஓட்டம் முடிந்திருந்தது. தூசியில் நடுவருக்கும் ஒன்றும் தெரியவில்லை; அவர் தொலைபேசியில், மைல்ஸ், யார் என்று கேட்டார். காணவில்லை என்று சொல்ல இரண்டு விநாடி போதும். மயில்வாகனம் ஊரின் மீதிருந்த ஆசையால், சிவப்பு என்றார்.

தவமணி படியேறி வந்து, மஞ்சள், என் கண்ணால் கண்டேன், திருத்துங்கள் என்றார். நான் அறிவித்ததை எழுதும் என்று மயில்வாகனம் எல்லார் முன்னும் சொன்னார். தவமணி எழுதவில்லை. பதினைந்தாம் கட்டத்தை வெறுமையாக விட்டு, புத்தகத்தை மூடி, பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய், அதை இழுப்பறையில் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு வியாழனும் அவர் வரவில்லை. அந்த வாழ்க்கையில் மற்றபடி ஒரு குறையும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

“சரி,” என்றார் மயில்வாகனம், தட்டை நகர்த்திவைத்து. “வாயை மூடுறன். ஆனால் நீரும் வாரும் தவம். கடைசி வியாழனுக்காவது வாரும்.”

“பதினைஞ்சாவது கட்டத்தை நிரப்பித் தாங்கோ, வாறன்.”

“அந்தக் கோப்பையை வைச்சுத்தான் இந்த ஊரே நிக்குது.”

“ஓம். நிக்குது,” என்று சொல்லித் தவமணி கோப்பைகளை அல்ல, தட்டுகளை எடுத்துக் கழுவப் போனார்.

அடுத்த வியாழன் முதல் மயில்வாகனம் முடிவுகளை அறிவிப்பதை நிறுத்தினார். வீரர்களின் பெயரைச் சொன்னார், வானிலையைச் சொன்னார், காணாமற்போன கையுறையைச் சொன்னார். யார் வென்றார் என்பதை மட்டும் சொல்லவில்லை. உள்ளூர் நாளிதழுக்கும் அனுப்பவில்லை. மைதானத்துக்கு வந்திருந்த நூற்று நாற்பது பேரையும் கூட்டி, கண்டதை வெளியே சொல்வதில்லை என்று வாக்கு வாங்கினார். கணினியைத் தட்டினால் தெரிந்திருக்கும். ஆனால் அச்சான எண்ணை எடுத்துக் கட்டத்தில் எழுதும் இழிவுக்குத் தார்ன்பெக்கில் எவரும் ஒருப்படவில்லை.

ஊர் நிலைகுலைந்தது. குடுவையிலிருந்து உறுமல் வந்தது, உறுமல் உச்சத்துக்குப் போனது, அடங்கியது. அதன்பின் மயில்வாகனம் இருமினார், தண்ணீர் குடித்தார், அடுத்த ஓட்டம் என்றார். பாதி நிரம்பிய நிரல் புத்தகங்களோடு மக்கள் வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டிக் கடையில் கூடினார்கள். இயந்திர ஓசையைக் கொண்டே ஏழாம் ஓட்டத்தை வென்றது நீலம் என்று பல் மருத்துவர் சாதிக்க, வெள்ளை என்று பாதிரியார் மறுக்க, இருவரும் ஒரு வாரம் முகம் பார்க்கவில்லை. டோரீனிடமிருந்து உண்மையைக் கறக்க மூன்று வீட்டார் கேக் செய்து கொண்டுபோனார்கள். டோரீன் மூன்று கேக்கையும் தின்றாள். நான்காவது கேக்கில் உலர்திராட்சை இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னாள்.

பொறுக்கமாட்டாமல் வரத் தொடங்கினார்கள். முதல் வாரம் அறுநூறு பேர்; அடுத்து ஆயிரத்து நூறு; அதற்கடுத்து ஆயிரத்து எழுநூறு. குடுவைகளும் பெட்டிகளும் தொட்டிகளும் ஒவ்வொன்றாக அடங்கின. செப்டம்பர் கடைசி வியாழனன்று, பெம்பர்டன் வாசலில் எண்ணும் கருவியோடு நின்று, உள்ளே போகிறவருக்கு ஒரு சொடுக்கும் வெளியே வருகிறவருக்கு மறு சொடுக்குமாக அழுத்திக்கொண்டிருந்தார். பதினான்காம் ஓட்டம் முடிந்தபோது கருவி இரண்டாயிரத்து நாற்பத்து மூன்று என்று காட்டிற்று. எவரும் நெரிசலுக்கு அஞ்சிப் புறப்படவில்லை. மைதானமோ இன்னும் ஓசையற்றே இருந்தது; ஊரில் இனி ஓசையுள்ள பாத்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எது என்று அறிந்தவர் மயில்வாகனம் ஒருவர்தாம்.

அவர் கூண்டில் நின்றார். மேசைமேல், டோரீன் அன்று காலை துடைத்துப் பளபளப்பாக்கிய கோப்பை இருந்தது. இன்னும் சில நிமிடம், நாடா உயரும், பெம்பர்டன் எண்ணைக் குறித்துக்கொள்வார், மைதானம் பிழைத்துவிடும். ஓசை வராவிட்டால் என்ன, ஓசையில்லாமலே கூட்டம் வந்துவிட்டதே என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார்.

அப்போது கெய்லி நிரல் புத்தகத்தோடு படியேறி வந்தார். பதினான்காம் ஓட்டத்தில் இரண்டாவது வந்தது யார் என்று தூசியில் தெரியவில்லை, நீங்கள் அறிவிப்பாளராயிற்றே, என் காதில் மட்டும் சொல்லக்கூடாதா, என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

“கண்டதை எழுதுங்கள்,” என்றார் மயில்வாகனம், சற்று கடுமையாகவே. “காணவில்லை என்றால் வெறுமையாக விடுங்கள்.”

கெய்லி தலையசைத்துப் போய்விட்டார். சொல்லிய சொல் கூண்டுக்குள்ளேயே நின்றது. மயில்வாகனம் கோப்பையைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை வாயருகே இழுத்தார்.

“ஒரு திருத்தம் உண்டு,” என்றார். ஓசையற்ற அந்த மைதானத்தில் அவர் குரல் ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னும் நின்று பேசுவதுபோல் இருந்தது. “பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், கோப்பைப் போட்டியின் பதினைந்தாம் ஓட்டம். சிவப்பு முதலிடம் என்று நான் சொன்னேன். நான் அதைக் காணவில்லை. பென்சில் எடுக்கக் குனிந்திருந்தேன். மஞ்சள் முதலிடம், சிவப்பு இரண்டாமிடம். கண்டவர் ஒருவர் அன்றே சொன்னார்; நான் கேட்கவில்லை. இந்தக் கோப்பை நம்முடையதன்று.”

இரண்டாயிரத்து நாற்பத்து மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். பிறகு கிழக்கு வரிசையில் ஒருவர் எழுந்து, கழுத்திலிருந்த நாரைச் சின்னத் துண்டைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்து, வாசலை நோக்கி நடந்தார். அவரைத் தொடர்ந்து பலர் நடந்தார்கள். பெம்பர்டனின் மறு சொடுக்கு ஒவ்வொன்றாகக் கேட்டது. ஐம்பத்தெட்டுப் பேர் போனார்கள். கருவி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் நின்றது. மயில்வாகனம் அதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாத உழைப்பு ஐம்பத்தெட்டுச் சொடுக்கில் போனதை, வேறொருவர் கட்டத்தை நிரப்புவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இரண்டாம் வளைவிலிருந்து டோரீனின் குரல் வந்தது. அவள் உரக்கப் பேசவில்லை; பேச வேண்டியிருக்கவில்லை.

“நான் அன்றைக்கே மஞ்சள் என்றுதான் எழுதினேன், மைல்ஸ். அந்தக் கோப்பையைப் பத்தொன்பது வருஷமாகத் துடைக்கிறவளும் நான்தான். துடைக்கும்போதெல்லாம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.”

நானும் மஞ்சள் என்றார் ஹேரல்ட். மஞ்சள் என்றது மேற்கு வரிசை. கண்டது ஒன்று, அறிவித்தது ஒன்று என்று ஆன நாளுக்குப் பிறகுதான் தனக்கு வியாழக்கிழமைகளில் களைப்பு வரத் தொடங்கிற்று என்று ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார். அவர் ஆச்சரியப்படாமல் தலையாட்டினார்.

நான்கு வீரர்களும் நாடாவின் முன் வந்து நின்று இயந்திரங்களை முடுக்கினார்கள். மைதானத்தில் அது கேட்கவில்லை. வெளியே, வாகனத் திடலில், கோபித்துக்கொண்டு போன ஐம்பத்தெட்டுப் பேரின் கார்களின் பின்பெட்டிகளிலிருந்து ஒருசேரக் கேட்டது. ஏனெனில் அவர்கள் அந்தக் கணம் முதல் வந்து நின்றுபோனவர்கள் ஆகிவிட்டார்கள். சாவியைக் கையில் பிடித்தபடி அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் வென்றார் என்று தெரியாமல் குளிர்காலம் முழுவதையும் கழிக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஐம்பத்தெட்டுப் பேரும் திரும்பி நடந்தார்கள். பெம்பர்டன் சொடுக்கினார்.

அவர்களுக்குப் பின்னால், வாசலெதிரே இருந்த பேருந்து நிறுத்தத்திலிருந்து, ஒன்பதாம் ஓட்டம் முதல் அங்கேயே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்தார். சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு. கையில், மேசையிலிருந்து முழுதாக உருவி எடுத்த ஓர் இழுப்பறை. அதனுள் ஒரு பழைய நிரல் புத்தகமும் ஒரு பென்சிலும் இருந்தன. பதினைந்தாம் கட்டத்தில், மஞ்சள் மூன்று, சிவப்பு இரண்டு என்று, அச்சடித்தாற்போன்ற எழுத்தில், சற்றுமுன் எழுதிய கருமை மங்காமல் இருந்தது. பெம்பர்டன் இழுப்பறையைப் பார்த்துச் சிறிது தயங்கினார்; விதிகளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாதபடியால், ஆளை மட்டும் எண்ணி, இரண்டாயிரத்து நாற்பத்து நான்கு என்று சொடுக்கினார்.

நாடா உயர்ந்தது. நான்கரை மாதமும் இருபது வியாழன்களும் வீடுகளில் கிடந்த சத்தம் முழுவதும் அந்தக் கணத்தில் மைதானத்துக்குத் திரும்பிற்று. கூரைத் தகரம் அதிர்ந்தது. மேசைமேலிருந்த கோப்பை தானாக நான்கு விரற்கடை நகர்ந்தது. பழத்தோட்டக் குடியிருப்பின் சன்னல்கள் எல்லாம் ஒன்றாய் நடுங்கின. இரண்டாயிரத்து நாற்பத்து மூன்று பேரின் முகங்கள், வண்டிகளோடு சேர்ந்து, இடமாகவே சுற்றின. மயில்வாகனத்தின் முகம் மட்டும் வாசலை நோக்கியே இருந்தது.

அந்தக் கோப்பை, டோரீன் கடைசியாக ஒருமுறை துடைத்துக் கொடுக்க, மறு திங்கட்கிழமை எதிரணியின் ஊருக்கு அனுப்பப்பட்டது. பெம்பர்டன் எழுதிய அறிக்கை ஒரே வரியில் இருந்தது. பழத்தோட்டக் குடியிருப்பிலிருந்து இரைச்சலைப் பற்றி ஒரு புதிய புகார் வந்தது. அதில் கெய்லியின் கையெழுத்து இல்லை.

ஆனால் அவையெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று, நான்கு சுற்றும் முடிந்து, தூசி அடங்கி, எல்லாரும் பென்சிலைக் கையிலெடுத்தபோது, தவமணி கூண்டின் படிக்கட்டில் ஏறி, இழுப்பறையைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். மூச்சு வாங்கிற்று.

“ஆர் வெண்டது?” என்று கேட்டார்.

மயில்வாகனம் மைதானத்தைப் பார்த்தார், வண்டிகள் போய்விட்டன. மேசையில் விரித்திருந்த தம் நிரல் புத்தகத்தைப் பார்த்தார். கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது.

“நான் காணேல்லை, தவம்,” என்றார்.

தவமணி இழுப்பறையிலிருந்த பழைய புத்தகத்தை எடுத்து, அதன் பின்னட்டையில், நடந்து வரும்போதே எழுதியிருந்த நான்கு நிறங்களையும் நான்கு எண்களையும் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். மயில்வாகனம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலைக் கெட்டியாகப் பிடித்து, அதைப் பார்த்து எழுதினார்.